நம்ம ஆள் இல்லாத தீவு

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பல்லைக்கூட விளக்கவில்லை, போன் அடித்தது. கம்பளையிலிருந்து அண்ணி. என் கணவரின் அக்கா.

"கண்டுபுடிச்சிட்டேன்!" என்றார்.

குரலில் அப்படியொரு பூரிப்பு. தொலைந்துபோன நகை ஏதும் கிடைத்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"என்ன அண்ணி?"

"அந்தத் தீவுல நமக்கு ஆள் இருக்கு!"

கட்டிலிலேயே திரும்ப உட்கார்ந்துவிட்டேன். போச்சு... எல்லாம் போச்சு!

இதற்கு ஏன் இவள் இப்படிப் பதறுகிறாள் என்கிறீர்களா? அப்படியென்றால் முன்கதையைச் சொல்ல வேண்டும்.

டொரன்டோவில் வேலை பார்க்கும் எங்கள் மகள், எங்களுடைய முப்பதாவது கல்யாண நாளுக்கு ஒரு பரிசு தருவதாகச் சொன்னாள். ஒரு வாரம் ஹொலிடே. செலவு முழுக்க அவளுடையது. "எங்க போகணும்மா?" என்று வீடியோ காலில் கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை.

"நம்ம ஆள் யாருமே இல்லாத இடத்துக்கு."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நம் ஆட்கள் ஹொலிடே போகிற லட்சணம் உங்களுக்குத் தெரியாதா? ஊரைப் பார்க்கவா போகிறோம்? சொந்தக்காரர் வீட்டுக்கல்லவா போகிறோம்! திருகோணமலைக்குக் கடல் பார்க்கப் போனோம் – சித்தப்பா வீட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து நண்டு கழுவினேன். லண்டன் போனோம் – அங்கே நான் அதிகம் பார்த்தது இவருடைய மச்சான் வீட்டுத் தோசைக்கல்லைத்தான். சென்னையில்... வேண்டாம், விடுங்கள்.

சரி, ஊரிலேயே இருந்தால் ஓய்வு கிடைக்குமா? கண்டியில் வீடு வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். தலதா மாளிகைப் பெரஹெரா ஊர்வலம் தொடங்கினால் போதும், அம்பிட்டிய மேட்டில் இருக்கும் எங்கள் வீடு சத்திரமாகிவிடும். யானை பார்க்கப் போகிறவர்களுக்கு இடியப்பம், யானை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குச் சோறு. கண்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இத்தனை வருஷத்தில், ஒரு பெரஹெராவையாவது நான் முழுசாகப் பார்த்திருப்பேனா?

ஆகவே மகளும் நானும் உலகப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தேடினோம். ஆஸ்திரேலியா? மாமா மகன். பிரான்ஸ்? இவருடைய ஒன்றுவிட்ட தங்கை. டுபாய்? கேட்கவே வேண்டாம். நோர்வேயின் ஏதோ ஒரு வடக்கு மூலையில்கூட சம்பந்தி வீட்டார் யாரோ குளிருக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள்! கடைசியில் மகளின் விரல் கரீபியன் கடலில் ஒரு சின்னப் புள்ளியில் போய் நின்றது. செயின்ட் லூசியா. அங்கே நமக்கு யாருமில்லை... ஒருவருமே இல்லை!

ஹோட்டல் படங்களை அனுப்பினாள். கடல் நீலமாக இருந்தது, மணல் வெள்ளையாக இருந்தது. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? காலைச் சாப்பாட்டுப் படத்தைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அன்னாசியை வேறு யாரோ வெட்டி வைத்திருந்தார்கள்!

பெரஹெரா நடக்கும் வாரத்திலேயே போய்விடுவது என்று முடிவு செய்தேன். என் கணவருக்குக் கரீபியன் என்றால் கிரிக்கெட் மைதானங்கள் மட்டும்தான் தெரியும். இருந்தாலும் எங்கேயோ தேடிப் படித்துவிட்டு வந்து, "அந்த நேரம் அங்க புயல் காலமாம்" என்றார்.

"நம்ம வீட்டுல அடிக்கிறத விடவா?" என்றேன்.

ஒரேயொரு நிபந்தனைதான் போட்டேன். போய்ச் சேரும்வரை யாருக்கும் மூச்சு விடக்கூடாது. நன்றாகத் தலையாட்டினார். பிறகு கம்பளையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனவர், பந்தி முடிவதற்குள் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வந்தார்.

"அக்காகிட்ட சொல்லாம எப்படி?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்!

அன்றைக்கே அண்ணி போன் எடுத்தார். "அங்க நமக்கு யாரு இருக்கா?"

"யாருமில்ல அண்ணி."

"ஐயையோ! அப்ப நாதியத்தவங்க மாதிரி ஹோட்டல்லயா போய்க் கிடக்கப் போறீங்க?"

ஆரம்பித்தது தேடுதல். பதுளைக்குப் போன், ஹட்டனுக்குப் போன், மாத்தளைக்குப் போன். என்னைப் பெண் பார்த்தபோதுகூட இந்தக் குடும்பம் இவ்வளவு விசாரிக்கவில்லை. விசாரித்து விசாரித்து, ஞாயிற்றுக்கிழமை கண்டுபிடித்தேவிட்டார்.

சுகன்யா. அண்ணியின் கொழுந்தனார் மகள், மாத்தளைப் பிள்ளை. கல்யாணமாகிக் கொழும்பில், வெள்ளவத்தையில் குடியிருந்தாள். பிறகு புருஷனுக்கு 'அமெரிக்கா பக்கம்' வேலை கிடைத்துப் போய்விட்டதாகக் கேள்வி. எந்தப் பக்கம் என்று நாங்களும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது பார்த்தால், செயின்ட் லூசியாவில் ஒரு மருத்துவக் கல்லூரியில் அவன் விரிவுரையாளராம்!

"ரூமெல்லாம் ரெடி பண்றேன்னுட்டா. ஹோட்டல கேன்சல் பண்ணச் சொல்லு" என்றார் அண்ணி. "பாவம், அந்தப் புள்ள நம்ம கறி சாப்பிட்டு எத்தன காலமோ... நீ போய் நல்லா ஆக்கிப் போடு!"

ஆக்கிப் போடு. கேட்டீர்களா?

அன்று வீட்டில் பெரிய சண்டை. "ஒரே ஒரு நாள் தலையக் காட்டிட்டு வந்துருவோமே" என்றார் கணவர்.

"உங்க சொந்தத்துல ஒரு நாள்னா எத்தன நாள்னு எனக்குத் தெரியாதா?"

அவர் கதிரையை டிவி பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வருஷக்கணக்கிலா கேட்கிறேன்? ஒரே ஒரு வாரம்... யாருக்கும் அண்ணியாக, அத்தையாக, சித்தியாக இல்லாமல் சும்மா ஒரு மனுஷியாக இருந்துவிட்டு வரக்கூடாதா?

சாயந்தரம் நானே சுகன்யாவைக் கூப்பிட்டேன். அங்கே அப்போதுதான் காலை. ஹோட்டலுக்குக் கட்டிய காசைத் திருப்பித் தர மாட்டார்களாம் என்று ஒரு பொய்யை அழகாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அதைத் தொடங்கவே அவள் விடவில்லை.

"அத்தை, கம்பளைப் பெரியம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இல்லம்மா. நான் மட்டுந்தான்."

"அப்ப சொல்றேன்... கோவிச்சுக்காதீங்க. நீங்க ஹோட்டல்லயே தங்குங்க அத்தை."

என் பொய்க்கு வேலையே இல்லாமல் போயிற்று. அவள் அதோடு நிறுத்தவில்லை.

"வெள்ளவத்தையில இருந்தப்ப ஏர்போர்ட் போறவங்க, ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க எல்லாரும் எங்க வீட்டுலதான். நானும் இவரும் தனியா உக்காந்து ஒரு வேள நிம்மதியா சாப்புட்டதில்ல. அதான் தேடித் தேடி, நம்ம ஆளுங்க யாருமே இல்லாத ஊரா பாத்து இங்க வந்தோம். பெரியம்மா கேட்டப்ப மாட்டேன்னு சொல்ல முடியல... நீங்களுந்தான் ஒரு வாரம் வந்து இருந்தீங்களே அத்தை, உங்க பொண்ணக் கனடாவுக்கு அனுப்புறப்ப. உங்களுக்குப் புரியும்."

ஒரு வாரமா? ஐந்து நாள்தான்! அதுவும் நான் என்ன சும்மாவா இருந்தேன்? எவ்வளவு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்!

போனை வைத்தேன். நியாயமாகப் பார்த்தால் நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். கேட்டது கிடைத்துவிட்டது, பொய்கூடச் சொல்லாமல். ஆனால் நெஞ்சுக்குள் சுருக்கென்றது. என்ன கொழுப்பு பாருங்கள்! சொந்த அத்தையை வீட்டுக்கு வராதே என்று சொல்ல எப்படி மனசு வந்தது? சொந்தக்காரர் வேண்டாம் என்று சொல்கிற உரிமை எனக்கு மட்டும்தான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதையே இன்னொருத்தி என்னிடம் சொன்னால் இவ்வளவு வலிக்கும் என்று யார் கண்டது?

கணவர் பயந்து பயந்து எட்டிப் பார்த்தார். "என்ன முடிவு? ஹோட்டலா, வீடா?"

"வீடுதான்" என்றேன். "மூணு நாளாவது இருந்துட்டுத்தான் வரணும்."

மனிதர் மயங்கி விழாத குறை. அவருக்கு என்ன தெரியும்? நம்மிடமிருந்து தப்பிப்பதற்காகவே ஒருத்தி உலகத்தின் அந்தக் கோடி வரை ஓடியிருக்கிறாள்...

விடுவேனா?