கண்ணுச்சாமி போட்ட பாலம்

ராஜபாளையம் பக்கத்து தேவதானம் கண்ணுச்சாமி, ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் பாலம் போட்டவர். ஒரே நாளில் ஆற்றின் குறுக்கே இரும்புப் பாலத்தைப் பூட்டுவார்கள். லாரிகள் அக்கரை சேர்ந்ததும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவற்றில் ஒன்றைக்கூட அவர் மனைவி மகாலட்சுமி பார்த்ததில்லை.

"பாலம் போட்டேன், பாலம் போட்டேங்கீக. எங்க அந்தப் பாலம்?" என்று அவள் அடிக்கடி கேட்பாள்.

அதனால்தான் லண்டனில் நர்ஸாக இருக்கும் மகள் பானுப்பிரியா வீட்டுக்கு வந்த இடத்தில், நடுவில் பிளந்து கப்பலுக்கு வழிவிடும் டவர் பாலத்தை மனைவிக்குக் காட்டியே தீருவதென்று ஒற்றைக்காலில் நின்றார். தன் பிழைப்பு இன்னதென்று வேறு எதைக் காட்டிச் சொல்வது? மகளுக்கு லீவு கிடைத்ததோ கடைசி நாளில். பாலம் பன்னிரண்டரைக்குத் திறக்கும். மறுநாள் காலை விமானம்.

வழியில் பரோ சந்தை வந்து வாய்த்தது. சுடச்சுட ரொட்டி, அண்டா அகலச் சட்டியில் மீன்சோறு, வாசனை ஆளை இழுத்தது. வத்திராயிருப்பு மாந்தோப்பில் பிறந்த மகாலட்சுமி மாம்பழக் கடையில் நங்கூரம் போட்டுவிட்டாள். ஒவ்வொரு பழமாகக் காம்படியை மோந்து மோந்து வைத்தாள்.

"பிஞ்சுல பறிச்சிருக்கான். நம்ம ஊரு சப்பட்டை மாம்பழத்துப் பக்கத்துல நிக்குமா இது?"

கடைக்காரன் முறைத்தான். மகள் 'சாரி, சாரி' என்று குழைந்தாள்.

"ஏட்டி, மணி பன்னெண்டு பத்து! பழம் எங்கயும் போகாது, பாலம் திறந்து மூடிரும்!"

"செத்த பொறுங்க..."

பொறுக்கவில்லை. ஊரில் தேர்க்கூட்டத்தில்கூடப் பிடித்திராத மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றோரம் ஓடினார் கண்ணுச்சாமி. புடவைக்கு மேல் போட்ட கோட்டு காலைத் தட்ட, அவளும் சிரித்துக்கொண்டே ஓடினாள். பின்னாலேயே மகளும்.

அவர்கள் போய் நிற்கவும், பாலத்துச் சாலையை மறிக்கும் வாயிற்கதவு மூடவும் சரியாக இருந்தது. தார்ச்சாலை இரண்டாகப் பிளந்து வானத்தைப் பார்த்து எழுந்தது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"பாரு பாரு! ரெண்டு பக்கமும் ஒரே சீரா ஏறுது! நாங்களும் இப்படித்தான், ஆளுக்கொரு மூலையில நின்னு, ஒத்த விசிலுக்குத் தூக்குவோம்!"

பாய்மரக் கப்பல் கடந்து போனது. பாலம் இறங்கி வந்து பொருந்தியது. கதவு திறந்தது.

பட்டாளத்தில் பாலம் பூட்டியதும் முதலில் ஏறி நடப்பவர் கண்ணுச்சாமிதான். அவர் நடந்த பிறகுதான் லாரி ஏறும். இன்று ஒதுங்கி நின்றார்.

"நீ முதல்ல போ."

மகாலட்சுமி நடுப்பாலம் வரை நடந்தாள். பொருத்தின்மேல் காலை ஊன்றி ஒரு மிதி மிதித்தாள். இன்னொரு மிதி. பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆடலையே. கெட்டியாத்தான் போட்டிருக்கீக."

கண்ணுச்சாமிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பின்ன?" என்றார்.