ஒரே குடோனும் இரண்டு உரிமமும்

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஊர் விவசாய ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. உரக்கடை உரிமம் புதுப்பிக்கும் விண்ணப்பங்களை இனி அதில்தான் ஏற்றுவார்கள், டெலிபோன் கம்பி வழியாகவே கோயமுத்தூருக்குப் போய்விடும் என்றார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. மேசையில் கிடக்கும் காகிதத்தையாவது எட்டிப் பார்க்கலாம். கம்பிக்குள் போவதை யார் பார்ப்பது?

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. பொள்ளாச்சியில் அண்ணனும் நானும் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாக உரக்கடை வைத்திருந்தோம். பாகம் பிரித்ததிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அப்பா கட்டிய குடோனை மட்டும் குறுக்கே சுவர் வைத்துப் பிரிக்க மனம் வராமல் பொதுவில் விட்டிருந்தோம். இருவர் உரிமத்திலும் அதே குடோன்தான். பழைய குமாஸ்தா இதைக் கண்டுகொள்ள மாட்டார். கம்ப்யூட்டரோ ஒரு குடோனுக்கு ஒரு கடையைத்தான் ஏற்கும் என்று காப்பிக் கடையில் காதில் விழுந்தது. குடோன் இல்லாவிட்டால் உரிமம் இல்லை. உரிமம் இல்லாவிட்டால் மழைக்கு முன்னால் லோடு வராது.

அண்ணன் முந்திக்கொள்வார் என்றுதான் தோன்றியது. சில நாளாக அவர் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு எங்கோ போய்க்கொண்டிருந்தார். மறுநாள் ஆபீஸ் திறக்குமுன்பே ஓடினேன். எனக்கு முன்பே அண்ணன் வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் எங்கள் விண்ணப்பங்களைப் புரட்டினாள். "ஏனுங்க, ரண்டு பேரும் ஒரே குடோனக் காட்டியிருக்கறீங்க. இது எடுக்காதுங்க. யாராச்சும் ஒருத்தரு விட்டுக்குடுக்கோணுமுங்க."

சண்டைக்குத் தயாராகத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அண்ணன், என்னைப் பார்க்காமல், அவளிடம் சொன்னார். "குடோனத் தம்பி பேர்லயே போட்டுரு அம்மணி. நான் உரத்த உட்டுப்போட்டு வெத மட்டும் வித்துக்கறேன். அதுக்குக் கடையே போதும்."

வெளியே வந்தும் என் மூளை ஓயவில்லை. விதையில் அப்படி என்ன லாபம்? உரத்துக்குத் தடை ஏதும் வரப்போகிறதா? தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். விதையை மட்டும் நம்பினால் கடை ஓடாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கடையைச் சீக்கிரம் சாத்திய நாட்களில் அவர் வாடகைக்கு வேறு குடோன் தேடி அலைந்ததும் தெரிய வந்தது. கிடைக்கவில்லையாம்.

முதல் லோடு வந்த அன்று லாரி பின்பக்கமாகச் சந்துக்குள் வரத் திணறியது. அண்ணன் தன் கடையிலிருந்து இறங்கி வந்தார். "வரட்டும், வரட்டும், லெப்ட்ல ஒடிச்சுக்குங்க" என்று கைகாட்டிக் குடோன் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார். அவர் கடையில் வாங்க ஒரு ஆளும் இல்லை. நான் கல்லாவை விட்டு எழவில்லை. கோபம்தான் வந்தது. அன்று ஆபீசில் என்னோடு சண்டை போட்டுத் தோற்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். இப்படிக் கொடுத்துவிட்டுப் போன மனிதரை என்ன சொல்லித் திட்டுவது?