கடவுளோடு ஒரு பாக்கிச் சண்டை

குழாயக்காவைக் கூப்பிட்டால் வேலை சுத்தமாக நடக்கும். கூடவே நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ளவும் வேண்டியிருக்கும். ரெஞ்சு, வளைகம்பி, ரப்பர் வாஷர் எல்லாவற்றையும் ஒரு சாக்குப் பையில் போட்டு ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு வந்து இறங்குவாள். சாக்கடை மூடியைத் தூக்கி, முழங்கை வரை கையை விட்டு, உள்ளே அடைத்துக்கொண்டிருப்பதை இழுத்து வீட்டுக்காரரின் மூக்குக்கு நேரே பிடிப்பாள்.

“இந்த பிளாஸ்டிக் டம்ளர் யார் வீட்டுதுங்க? சாக்கடையே கடைக்குப் போய் வாங்கிட்டு வந்துச்சா?”

வீட்டுக்காரர் வானத்தைப் பார்ப்பார். அடுத்த முறை அடைத்தால் வேறு ஆளைக் கூப்பிட வேண்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொள்வார். ஆனால் அடைத்தால் மறுபடியும் அவளைத்தான் கூப்பிடுவார்.

பக்தி உண்டா என்று கேட்டால் அவளுக்கு நிறையவே உண்டு. கைகட்டி வாய்பொத்தி நிற்கிற பக்தி இல்லை, அவ்வளவுதான். அவள் மதத்தில் வாராந்திர வழிபாடு முடிகிற நேரத்தில் பத்து நிமிடம் மௌனம் உண்டு. அவரவர் மனதுக்குள் கடவுளோடு பேசிக்கொள்ளலாம். மற்றவர்கள் வேண்டிக்கொள்வார்கள். குழாயக்கா சண்டை போடுவாள். தன் முட்டி வலியில் தொடங்கி, கல்யாணமாகித் தொலைதூரம் போன மகள் போனை எடுக்காததில் வளர்ந்து, நல்லவர்களாகப் பார்த்து நோய் வருகிற அநியாயத்தில் போய் நிற்கும். ‘உனக்குக் கண் இருக்கா, இல்ல அலங்காரத்துக்கு வெச்சிருக்கியா?’ என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள். எழுந்திருக்கும்போது முகம் கழுவிக்கொண்ட மாதிரி இருக்கும். அந்தத் தெம்பில் ஒரு வாரம் ஊர்ச் சாக்கடை எல்லாம் சுத்தமாகும்.

அவர்கள் வழிபடுகிற இல்லம் முன்பு அச்சகமாக இருந்த கட்டடம். தனித்தனியாகக் கட்டிக்கொள்ள யாருக்கும் வசதி இல்லாததால் மூன்று மதத்தார் சேர்ந்து எடுத்திருந்தார்கள். விடுமுறை நாளில் காலையில் ஒருவர், மதியம் ஒருவர், மாலை ஒருவர் என்று தொழிற்சாலை ஷிப்டு போல நடக்கும். காலைக்காரர்கள், மதியக்காரர்கள், மாலைக்காரர்கள் என்றே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. குழாயக்கா மதியக்காரி. இத்தனை வருடத்தில் யாரும் யாருடைய கடவுளையும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. செருப்பு மாறிப் போனால் மட்டும் மூன்று மதத்துக்கும் கோபம் வரும்.

மூன்று கூட்டத்தாருக்கும் கூடி உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம் இருந்தது. முதலாளி பக்கத்தில் தொழிலாளி, பிழைக்க வந்தவர் பக்கத்தில் உள்ளூர்க்காரர். தட்டு மட்டும் பளபளவென்று பூச்சுப் பூசிய காகிதத் தட்டு. சாப்பிட்டு முடித்தால் பின்பக்கம் ஒரு மலை எழும்பும். அந்தப் பூச்சு மக்காது, எரித்தால் நாறும், மழை வந்தால் நேராகச் சாக்கடைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை வெளியே இழுக்கிறவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மூன்று தலைவர்களும் கூடி, ‘பூமியும் கடவுள் கொடுத்ததுதானே, இனி எவர்சில்வர் தட்டுதான்’ என்று அறிவித்தபோது குழாயக்கா இரண்டு கையையும் தூக்கினாள். வாசலில் பலகை மாட்டினார்கள்: ‘குப்பையில்லா வழிபாட்டு இல்லம்.’ தலைவர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தட்டை யார் கழுவுவது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாருக்கும் பதில் தெரிந்திருந்தது, அதுதான் கோளாறு.

மதியக்காரர்கள் முதலில் சாப்பிட்டுவிட்டு வழிபாட்டுக்கு உட்காருவார்கள். மாலைக்காரர்கள் வருவதற்குள் சமையலறை துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அப்படியென்றால் வழிபாடு நடக்கும்போதே கழுவினால்தான் உண்டு. முதல் வாரம் குழாயக்காவும் நாலைந்து பெண்களும் ஆசையாகத்தான் போனார்கள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே பரிமாறுகிற சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. அதன் வழியாகப் பாட்டும் உரையும் காதில் விழும். பரவாயில்லை, சமாளிக்கலாம் என்று தோன்றியது.

பிறகு மௌனம் வந்தது. எவர்சில்வருக்கு மௌனம் என்றால் என்னவென்று தெரியுமா? ணங் என்றது. கூடத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மறுபடியும் ணங். ஒரு பெரியவர் எழுந்து வந்து, உள்ளே இருந்த பெண்களைப் பார்த்துக் கனிவாகச் சிரித்துவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார்.

குழாயக்கா சோப்பு நுரையோடு அப்படியே நின்றாள். அன்றிலிருந்து ஏழெட்டு மாதம் அவளுக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

வீட்டில் கும்பிட்டால் ஆகாதா என்று கேட்கலாம். வீட்டில் போன் அடிக்கும், குக்கர் கத்தும், யார் வீட்டிலாவது குழாய் உடையும். அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான் உலகத்தில் யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். போடாத சண்டை உள்ளேயே தேங்கி நின்றது. தேங்கினால் எங்காவது ஒரு பக்கம் பீறிட்டுத்தானே ஆகும்? பள்ளிப் பேருந்து ஓட்டுகிற அவள் கணவர் மேல் பீறிட்டது.

“பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எதுக்குங்க அப்படியொரு நோய் வரணும்? என்ன பாவம் பண்ணுச்சு அது?” என்று ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவே கேட்டாள்.

கவளம் பாதி வழியில் நின்றது. “என்னைக் கேட்டா நான் என்னம்மா சொல்லுவேன்? நான் பஸ் ஓட்டுறவன்.”

“யாருகிட்டதான் கேக்கறது?”

“நீ அவருகிட்ட கேக்க வேண்டியதையெல்லாம் இப்ப என்கிட்ட கேக்குற. அவரு தாங்குவாரு. நான் தாங்குவேனா? எப்படியாவது போய் அந்தப் பத்து நிமிஷத்தை வாங்கிட்டு வா. உனக்காகச் சொல்லல, என் உயிருக்காகச் சொல்றேன்.”

“அப்ப நீங்க வந்து தட்டு கழுவுங்க.”

“நான் உள்ள வந்தா மத்த ஆம்பளைங்க என்ன நினைப்பாங்க?”

இந்தக் கேள்விக்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுதினால் இடம் போதாது.

மதியக்காரர்களின் தலைவர் வேறு யாரும் இல்லை, குழாயக்காவின் சொந்த அண்ணன்தான். மருந்துக்கடை வைத்து ஓய்ந்தவர். யாருக்கு எந்த வலி என்றாலும் இனிமையாகப் பேசியே பாதியைக் குறைத்துவிடுவார். தங்கையிடமும் அதையே செய்து பார்த்தார்.

“சேவையும் ஒரு வழிபாடுதாம்மா.”

“அப்படியா அண்ணே? அப்ப வர்ற வாரம் நீ உள்ள வந்து வழிபடு. நான் வெளிய உக்காந்து சும்மா இருக்கேன்.”

அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “உன் வாய் இருக்கே! கமிட்டில பேசிட்டுச் சொல்றேன்.”

கமிட்டி என்றால் மூன்று தலைவர்கள். மூன்று பேரும் ஆண்கள். மூன்று மதத்துக்கும் இடையே ஒற்றுமை வளர்ப்பதற்காக மாதாமாதம் கூடிக் கைகுலுக்குவார்கள். அவர்களுக்கே தெரியாமல் சமையலறையில் வேறொரு கமிட்டி வளர்ந்திருந்தது. காலைக்காரர்களில் நர்ஸம்மா, மாலைக்காரர்களில் தையல்காரம்மா, இருவரும் இதேபோல் வழிபாட்டு நேரத்தில் தட்டுக் கழுவுகிறவர்கள். ஒரே தேய்ப்பு நாரை மூன்று மதமும் மாற்றி மாற்றிப் பிடித்ததில் வந்த சிநேகிதம். நர்ஸம்மாவுக்கு உரை போயிற்று, தையல்காரம்மாவுக்குப் பாட்டுப் போயிற்று, குழாயக்காவுக்குச் சண்டை போயிற்று. ஷிப்டு மாறுகிறபோது மூன்று பேரும் ஈரத் தரையில் நின்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள்.

சில வாரம் கழித்து அண்ணன் கண்ணைச் சிமிட்டினார். “உன் பிரச்சினைக்கு வழி பண்ணியாச்சு. அடுத்த வாரம் பாரு.” என்ன வழி என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை.

அதற்குள் கூடத்து மேடைக்கு மேலே பரணில் இருந்த தண்ணீர்த் தொட்டி ஒழுக ஆரம்பித்தது. கமிட்டி கூடியிருந்த நேரம். குழாயக்காவை அவசரமாகக் கூப்பிட்டார்கள். ஒழுகினதைத் துடைக்க நர்ஸம்மாவும் தையல்காரம்மாவும் வாளியோடு வந்திருந்தார்கள். குழாயக்கா ஏணியைச் சாய்த்து ஏறினாள். தலை பரணுக்குள் நுழைந்ததுமே கீழே இருந்து மூன்று தலைவர்களும் ஒரே குரலில் கூவினார்கள்.

“அங்க ஒண்ணும் இல்லையே!”

அவள் ஒன்றுமே கேட்கவில்லை. டார்ச்சை அடித்தாள். தொட்டிக்குப் பின்னால் ஒரு பை. பிரித்தால் காகிதத் தட்டு, அதே பளபளப் பூச்சு. இந்தப் பக்கம் சாக்குக்கு அடியில் இன்னொரு கட்டு. உத்தரத்தின் மறைவில், நனையாமல் இருக்க அழகாகச் சுற்றி வைத்த மூன்றாவது கட்டு. ஒவ்வொன்றையும் கீழே தள்ளினாள். தலைவர்கள் காகிதத் தட்டைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தான் ஒளித்தது ஒரு கட்டுதானே, மீதி இரண்டு எப்படி வந்தது என்று அவரவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பிறகு விளங்கியது. மூன்று முகத்திலும் ஈயாடவில்லை.

குழாயக்கா இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டாள். “மூணு மதமும் சொல்லி வெச்ச மாதிரி ஒண்ணு சேர்ந்த ஒரே இடம் இந்தப் பரண்தான் போலிருக்கு.”

“வாசல்ல பலகையை மாட்டிட்டு!” என்றாள் தையல்காரம்மா.

அண்ணன் மென்று விழுங்கினார். “உங்களுக்காகத்தாம்மா. நீங்க படற கஷ்டத்தைப் பார்க்க முடியல. யாருக்கும் தெரியாம கொஞ்ச நாளைக்கு…”

“எங்க கஷ்டம் தீரணும்னா பூமி கஷ்டப்படணுமா? உங்க கை கஷ்டப்படக் கூடாதா? நடுவுல ஒரு வழி இருக்கறது உங்க மூணு பேரு கண்ணுக்கும் தெரியவே இல்லையா?”

குழாயக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகை வந்தால் அவளுக்குக் கூடவே கோபமும் வரும்.

“நான் உன்கிட்ட காகிதத் தட்டு கேக்கல அண்ணே. என் பத்து நிமிஷத்தைக் கேட்டேன். அந்த ஜன்னலைச் சாத்துனாங்களே, அன்னைக்கு சாமி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்னு ஆயிடுச்சு. சாமிக்கு முன்னாடி எல்லாரும் சமம்னு நீதானே மேடையில சொல்லுவ? எச்சில் தட்டுக்கு முன்னாடி மட்டும் ஏண்ணே சமம் இல்ல?”

அண்ணனின் இனிப்புப் பேச்சு அத்தனையும் அன்றைக்கு விடுமுறை எடுத்துக்கொண்டது. காகிதத் தட்டுகள் கடைக்குத் திரும்பிப் போயின. கமிட்டியில் மூன்று நாற்காலி கூடியது. யாருக்கென்று சொல்லத் தேவையில்லை. முற்றத்துச் சுவரோரம் குழாயக்கா வரிசையாகக் குழாய் போட்டாள். கழுவின தண்ணீர் கத்தரிச் செடிக்கும் வாழைக்கும் போனது. சாப்பிட்டவர் தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கூடத்துக்குள் நுழையலாம். பெரிய பாத்திரங்களுக்கு முறை வைத்தார்கள், ஆண் பெண் எல்லாருக்கும்.

முதல் வாரம் குழாய்களுக்கு முன்னால் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. குழாயக்காவின் கணவர்தான் முதல் ஆளாகப் போய் நின்றார். மற்ற ஆண்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலையை விட, வீட்டில் கேட்கப்போகிற கேள்விகளின் கவலை பெரிது. ஒருவர் தட்டைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி மடியில் வைத்துக் கழுவினார். இன்னொருவர் சோப்பையே மறந்துவிட்டார். நர்ஸம்மா அவரைத் திருப்பி அனுப்பினாள். காலைக்காரியான அவள் மதியம் வரை அங்கே நின்றது வேடிக்கை பார்க்கத்தான்.

பாத்திர முறை தலைவரிடமிருந்து தொடங்கட்டும் என்று குழாயக்கா சொல்லியிருந்தாள். ஆகவே அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனார். பாட்டு முடிந்தது, அவருக்குப் பதிலாக ஒரு பெரியவர் பேசிய உரை முடிந்தது, மௌனம் வந்தது.

குழாயக்கா கண்ணை மூடினாள். ஏழெட்டு மாதச் சண்டை தொண்டை வரை நின்றது. எங்கே தொடங்குவது? முட்டியிலா, மகளிடமா, பக்கத்து வீட்டுப் பிள்ளையிலா? ஒன்றும் வரவில்லை. உள்ளே அண்ணன் குண்டானைச் சுரண்டுகிற சத்தம் கர கர என்று கேட்டது. விவரம் தெரிந்த நாளாக அண்ணன் இந்த மௌனத்தைத் தவறவிட்டதில்லை என்று அவளுக்குத் தெரியும். அண்ணி இறந்த வருடம் அவர் பிழைத்துக் கிடந்ததே இந்தப் பத்து நிமிடத்தால்தான். அந்த இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளை விட யாருக்குத் தெரியும்? அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். சந்தோஷமாக இல்லை.

எழுந்து போய்ச் சமையலறைக் கதவைத் திறந்தாள்.

“அதைப் போட்டுட்டு வாண்ணே.”

“இன்னும் முடியலையேம்மா. மாலைக்காரங்க வந்துடுவாங்க.”

“வரட்டும். முடிஞ்சதும் எல்லாரும் சேர்ந்து தேய்ச்சா அஞ்சு நிமிஷம். யாருமே இங்க நிக்க வேண்டாம். வா.”

அண்ணன் கரி படிந்த கையோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் மறுபடியும் கண்ணை மூடினாள். இப்போது வந்தது. அணை உடைந்த மாதிரி வந்தது. ‘ஏன்டாப்பா, இத்தனை நாள் என்னைத் தேடினியா நீ? ஒரு தடவையாவது உள்ள எட்டிப் பார்த்தியா?’ என்று தொடங்கி, மாத வாரியாக ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

நேரம் முடிந்து, மௌனத்தை முடிக்கிற கைமணியை அண்ணன் எடுத்தார். குழாயக்கா கண்ணைத் திறக்காமலே அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இருண்ணே. இன்னும் பாதிதான் ஆயிருக்கு.”

அண்ணன் மணியைச் சத்தமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டார். கூடத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. வாசலில் மாலைக்காரர்கள் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஏன் இன்னும் முடியவில்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள். தையல்காரம்மா வாசலை மறித்துக் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

“உள்ள ஒருத்தி பேசிட்டிருக்கா. முடிச்சுட்டு வரட்டும், இருங்க” என்றாள்.