கிராம்பு மருந்தின் மேல் வைத்த வெள்ளை அடைப்பு

கும்பகோணத்தில் நான் பல் மருத்துவம் பார்க்கத் தொடங்கிய இரண்டாவது வருடம், திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். குத்தகைக்கு நிலம் பிடித்துச் சாகுபடி செய்பவர். நடவு முடியட்டும் என்று வலியைப் பொறுத்துக்கொண்டே இருந்துவிட்டார். மேல்வரிசையில், சிரித்தால் தெரிகிற இடத்தில் ஆழமான சொத்தை. நரம்பை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

முடிந்தவரை சுரண்டி எடுத்துவிட்டு, துத்தநாகப் பொடியைக் கிராம்புத் தைலத்தில் குழைத்துத் தற்காலிகமாக அடைத்தேன். அதற்குக் கடியைத் தாங்கும் பலம் கிடையாது. ஆனால் கிராம்பு நரம்பை அமைதிப்படுத்தும். சில வாரம் கழித்து வரச் சொன்னேன்.

பத்தே நாளில் மனைவியோடு வந்து நின்றார். வெளிநாட்டுக் கட்டட வேலைக்கு விசா வந்துவிட்டது, நாளை மறுநாள் விமானம் என்றார். வலி அறவே இல்லையாம். இன்றைக்கே நிரந்தரமாக அடைத்துவிட வேண்டும்.

வெள்ளி அடைப்பு வைக்கலாம் என்றேன். வெள்ளியும் பாதரசமும் சேர்ந்த அந்தக் கலவை கிராம்பு மருந்தின் மேலும் ஒழுங்காக இறுகும், ஈரத்தையும் ஓரளவு தாங்கும், பல வருடம் உழைக்கும். நிறம்தான் சாம்பல். அவருக்கு மனம் வரவில்லை.

“கருப்பாத் தெரியுமே டாக்டர். புது இடத்துக்குப் போறேன். வெள்ளையாவே வச்சிடுங்க.”

வெள்ளை அடைப்பு என்பது ஒருவகைப் பிசின். நீல விளக்கைக் காட்டினால் கல்லாக இறுகும். ஆனால் கிராம்புத் தைலம் பட்ட இடத்தில் சரியாக இறுகாது. படிக்கும்போதே தெரிந்துகொண்ட பாடம் அது. பழைய மருந்தை முழுக்க எடுத்திருக்க வேண்டும். எடுத்தால் நரம்பு திறந்துகொள்ளுமோ என்று பயந்தேன். திறந்தால் வேர் சிகிச்சை செய்ய வேண்டும், அதற்கு அவரிடம் நாளில்லை. மருந்துக்கும் பிசினுக்கும் நடுவில் மறைப்பாக, கண்ணாடித் தூளில் செய்த கண்ணாடி அயனோமர் என்ற பல் சிமெண்டை ஓர் அடுக்கு வைக்கலாம். அன்று அது தீர்ந்துபோயிருந்தது. அடியில் மெல்லிய படலமாக மருந்தை விட்டுவிட்டு அதன் மேலேயே பிசினை வைத்து விளக்கைக் காட்டினேன். ஊசியால் கீறிப் பார்த்தபோது மேற்பரப்பு கெட்டியாகத்தான் இருந்தது. கண்ணாடியில் பார்த்து இருவரும் சந்தோஷப்பட்டார்கள்.

மறுநாள் காலையே எனக்கு உறுத்த ஆரம்பித்தது. அவருடைய எண் பதிவேட்டில் இருந்தது. அவர் இன்னும் ஊரில்தான் இருந்தார். கூப்பிட்டு, “வந்து வெள்ளி வச்சுக்கிட்டுப் போங்க” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நேற்று செய்தது தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அவருடைய மனைவி, பால் பல்லில் சொத்தையோடு இருந்த மகளை அழைத்து வந்தார். கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அங்கே அந்தப் பல்லில் சீழ் பிடித்து, முகம் வீங்கி, வேலைக்குப் போக முடியாமல் கிடந்து, கடைசியில் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்றார்.

“நீங்க நல்லாத்தான் வச்சீங்க. அந்த ஊர்த் தண்ணி சேரலன்னு சொன்னாரு.”

தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். என்னால் தலையாட்ட முடியவில்லை. குழந்தையை வெளியே உட்காரவைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன். அடியில் விட்ட மருந்து, அதனால் இறுகாமல் போயிருக்கக்கூடிய அடைப்பு, இடைவெளி வழியாகக் கசிந்திருக்கக்கூடிய எச்சில், எல்லாவற்றையும். அத்தனை ஆழமான சொத்தையில் சரியாக வைத்திருந்தாலும் நரம்பு செத்திருக்கலாம் என்பதும் உண்மைதான். அதைச் சொல்ல வாயெடுத்து, தப்பித்துக்கொள்வது போலிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. இது எப்போது தெரிந்தது என்று கேட்டார். மறுநாளே சந்தேகம் வந்தது என்றேன்.

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே டாக்டர். அன்னிக்குப் பூரா வீட்லதான இருந்தாரு.”



மகளுக்கு மட்டும் பார்த்துவிடச் சொன்னார். கண்ணாடி அயனோமர் வைத்தேன். அது பல்லோடு தானாக ஒட்டும், ஃபுளோரைடைக் கசியவிட்டுச் சொத்தையையும் தள்ளிப்போடும். நான் குழைத்து வைத்து முடிக்கிறவரை அவர் நாற்காலியை ஒட்டியே நின்றார். என்ன மருந்து, அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் சொன்னேன். முன்பு வந்தபோது அவர் எதையுமே கேட்டதில்லை.

கணவர் விடுப்பில் வந்தபோது தஞ்சாவூரில் வேறொரு மருத்துவரிடம் போய் அந்த இடத்தில் செயற்கைப் பல் கட்டிக்கொண்டாராம். மருந்துக்கடையில் தற்செயலாக எதிர்ப்பட்ட அந்த அம்மாதான் சொன்னார். அதில் நன்றாக மென்று சாப்பிட வருகிறதா என்று கேட்டேன்.

“வருதுங்க” என்று சொல்லிவிட்டு மாத்திரைச் சீட்டைக் கடைக்காரரிடம் நீட்டினார்.