வெள்ளிக்கோல் வரையன் வந்த தூக்குப்போசி

எங்கள் சமையலறைச் சுவரில் ஓர் ஆணியில் எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல கனமான பாத்திரம், எனக்குச் சீராக வந்தது. என் வீட்டுக்காரர் மில்லுக்கு அதில்தான் சோறு கொண்டுபோவார். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மழைக்காலக் காலையில், செத்த பாம்பு ஒன்றை அதில் போட்டு மூடிக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதன்பிறகு அதில் யாரும் சோறு போட்டுச் சாப்பிடவில்லை. என் நங்கையா, அதாவது அவருடைய அக்கா, அதைப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டுத் தொலைக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். எனக்குத்தான் மனம் வரவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் மில் லைன் வீட்டில் அப்போது குடியிருந்தோம். அன்று அவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, சாப்பிடாமல்கூடப் பாயில் விழுந்தவர், கொஞ்ச நேரத்தில் கையை உதறிக்கொண்டு எழுந்தார். விரலில் ஊசி குத்தியதுபோல் இரண்டு புள்ளி. வீக்கம் இல்லை, பெரிய வலியும் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் வந்து குச்சியால் பாயைப் புரட்டினார். அடியில் கருத்த உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு முழப் பாம்பு. கட்டுவிரியன் என்று யாரோ கத்தினார்கள். தலை நசுங்க அடித்தார்கள். டாக்டருக்குக் காட்டக் கடித்த பாம்பையும் கொண்டுபோவது எங்கள் பக்கத்து வழக்கம். அவசரத்தில் கைக்கு அகப்பட்டது அவருடைய சோற்றுப் போசி.

மேட்டுப்பாளையம் ரோட்டில் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டரம்மா கோபிசெட்டிபாளையத்துக்காரர். காய்ச்சலுக்கு மாத்திரை எழுதினாலும் இரண்டு திட்டு சேர்த்துத்தான் எழுதுவார். பாம்பைத் தாளில் கொட்டியவுடன் எங்களுக்குத் திட்டு விழுந்தது. பல்லையும் முகத்தையும் பார்த்தால் உடனே தெரியும், அதையெல்லாம் கூழாக்கிவிட்டு எதைக் காட்ட வந்தீர்கள் என்றார். பிறகு இடுக்கியால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டுவிரியனுக்கு நடு முதுகில் பெரிய செதில்கள் வரிசையாக ஓடுமாம், இதற்கு அது இல்லை. அதற்குப் பட்டை வால்பக்கம் தெளிவாகவும் கழுத்துப்பக்கம் மங்கலாகவும் இருக்கும், இதற்கு நேர்மாறு. இது விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன் என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அடுத்த கேள்வியில் மறுபடியும் போய்விட்டது.

"ஏனுங்க, கடிச்சது இதுதான்னு ஆராச்சும் கண்ணுல பாத்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை.

கட்டுவிரியன் கடித்தாலும் வீங்காதாம், வலிக்காதாம். அதனால் விரலைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. விஷம் ஏறினால் முதலில் இமைதான் கனத்துத் தொங்கும் என்றார். இவருக்கோ ராத்திரி முழுக்க ஸ்பின்னிங்கில் நின்றுவிட்டு வந்ததில் இமை தானாகவே விழுந்துகொண்டிருந்தது. தூங்கினால் உயிர் போய்விடும் என்று, கூடவே ஓடிவந்திருந்த நங்கையா அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே ஊசி போடச் சொல்லி மன்றாடினார். விஷம் ஏறாதவருக்குப் போட்டால் அந்த மருந்தே ஆபத்தாக முடியலாம் என்றார் டாக்டரம்மா. மருந்தை எடுத்துத் தயாராக வைத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவந்தால் என்று ஒரு காரையும் வாசலில் நிறுத்தச் சொன்னார். பிறகு நங்கையாவின் கையைப் பிடித்து விலக்கினார்.

"அவரைத் தூங்க உடுங்க. தூக்கம்னா எழுப்புனாக் கண்ணு நல்லாத் தொறக்கும். விஷம்னாத் தொறக்காது."

படுத்ததும் தூங்கிப்போனார். டாக்டரம்மா வெளியே காத்திருந்த கூட்டத்தை விட்டுவிட்டு, அவர் மூச்சைப் பார்த்தபடி கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என்னைத் தேற்றத்தானோ என்னவோ, அந்தப் பாம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பழைய தராசுக் கோலில் அளவுக்கோடு போட்டிருப்பதுபோல் உடம்பில் வரி இருப்பதால் அந்தப் பெயராம். முன்பல் நீளம் என்பதால் அந்த இனத்துக்கே ஓநாய்ப் பாம்பு என்று ஒரு பெயர். அதில் பட்டை போட்டதும் உண்டு, மலைப்பக்கத்தில் மஞ்சள் புள்ளி வைத்ததும் உண்டு, ஒன்றுக்கும் விஷம் கிடையாது. பகலில் சுவர்ப் பொந்தில் கிடக்கும், இருட்டியதும் சுவரேறிப் பல்லி பிடிக்கும். கட்டுவிரியன் மாதிரி இருப்பதால் மற்ற பிராணிகள் கிட்ட வராது, அதே சாயலால் மனிதனிடம் அடிபட்டுச் சாகும். எனக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை என்றுதான் நினைத்தேன். ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரம் போனதும் என்னையே எழுப்பச் சொன்னார். பழகின குரல்தான் காதில் விழுமாம். கூப்பிட்டேன், அசைவில்லை. தோளைத் தொட்டுக் கூப்பிட்டேன், இமை பாதி ஏறி விழுந்தது. நங்கையா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். டாக்டரம்மா எழுந்து நின்றுவிட்டார். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"ஏனுங்க, சங்கு ஊதியாச்சுங்க."

மில் சங்குக்கு எழுந்து பழகிய உடம்பு. கண் இரண்டும் அகலத் திறந்தன. தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, "ஊதியாச்சா? போசியில சோத்தப் போட்டுட்டயா அம்மணி?" என்றார். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்ததை அன்று ஒருமுறைதான் பார்த்தேன். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மறுநாள் வரை எழுப்பி எழுப்பிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினார்.

அந்தப் பாம்பை நினைத்தால் இன்றைக்கும் பாவமாக இருக்கிறது. நாங்கள் வளர்க்காத பல்லிகளைத் தின்றுகொண்டு, வாடகையில்லாமல் சுவரில் குடியிருந்தது. முகச்சாயல் சரியில்லை என்பதற்காக அடித்துப்போட்டோம்.

மில்லை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது வரிசையாக வீடுகள். போன வருஷம் ஒரு காலையில் காபி கொண்டுபோனபோது என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கூப்பிட்டேன். தோளைத் தொட்டுக் கூப்பிட்டேன். தூக்கமென்றால் கண் திறக்கும் என்று டாக்டரம்மா சொன்னது நினைவில் இருந்தது. காபியைக் கீழே வைத்துவிட்டு, காதருகே குனிந்து, சங்கு ஊதியாச்சுங்க என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். மகன் வந்து என் கையைப் பிடித்தான்.

காரியத்தன்று அவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்தார்கள். நான் ஆணியிலிருந்து அந்தப் போசியை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, சுடுசோறு போட்டு, தயிர் ஊற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். நங்கையா பார்த்தார். உள்ளே போய் மூடியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.