பழைய கிளட்ச் கம்பி

கிளட்ச் கம்பியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எருமப்பட்டி கடைவீதியில் இருபது வருஷத்துக்கு மேலாக பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். அந்தக் கம்பி கைப்பிடிப் பக்கம் கொஞ்சம் நீளத்துக்குத்தான் பிரிந்து போகும். மீதி முழுக்கப் புதுசு மாதிரியே இருக்கும். மாற்றிவிட்டுப் பழசைத் தூக்கிப் போட மனசு வராது. கடைச் சுவரில் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டி வைப்பேன். அந்த ஆணியை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கொல்லிமலை அடிவாரத்தை ஒட்டி எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடு இருக்கிறது. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி போடுவோம். மூன்று வருஷமாகக் காட்டுப்பன்றி இறங்குகிறது. தின்றுவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை. ஒரு செடியில் ஒரு கிழங்கைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்த செடியைக் கிளறும். காலையில் போய்ப் பார்த்தால் காடு பாதி உழுது போட்ட மாதிரி கிடக்கும். வனத்துறைக்கு எழுதிக் கொடுத்தோம். ஒருவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார், அவ்வளவுதான்.

அப்போதுதான் என் சித்தப்பா மகன் வேட்டைக்காரன் ஆனான். அவன் போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரைவர். வடநாட்டுக்கு வண்டி கிளம்பினால் மூன்று நான்கு மாதம் ஆள் வரமாட்டான். ஊரில் இருக்கும் நாட்களில் அவனுக்குப் போன் பார்ப்பதுதான் வேலை. வெளிநாட்டில் எல்க் என்று ஒரு மானாம், நம் எருமையைவிட உயரமாக இருக்குமாம். அதை வேட்டையாடுகிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து இவனுக்குத் தலைக்கேறிவிட்டது. இலைப் படம் போட்ட பச்சைச் சட்டை, பைனாகுலர், நெற்றியில் கட்டுகிற லைட் எல்லாவற்றையும் போனிலேயே ஆர்டர் போட்டு வாங்கினான். சித்திரை வெயிலில் எங்கள் செம்மண் மேட்டில் ஒரு பச்சை இலை கிடையாது. அங்கே அந்தச் சட்டையோடு நின்றால் அடுத்த ஊருக்கே தெரியும். பன்றி பார்த்துச் சிரித்திருக்கும்.

பேச்சில் மட்டும் குறைவில்லை. "காத்து நம்ம மூஞ்சிக்கு அடிக்கோணுமுங்ண்ணா. முதுகுல அடிச்சா மோப்பம் புடிச்சிரும். சோப்புப் போட்டுக் குளிச்சிட்டுப் போகவே கூடாதுங்" என்பான். வீடியோவில் வருகிற வெள்ளைக்காரன் மானின் தடத்தைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் மலையேறுகிறான், பனியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். இவனுக்கு அதெல்லாம் ஆகாது. பன்றி போகிற தடத்தில் சுருக்கு வைத்துவிட்டு வீட்டில் படுத்துத் தூங்க வேண்டும். அதற்கு எதற்கடா பைனாகுலர்?

"அண்ணா, பழைய கிளட்ச் கம்பி இருந்தாக் குடுங்க" என்று கடைக்கு வந்தான். ஆணியில் இருந்ததைக் கொத்தாக எடுத்துக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தான். சுருக்கு நழுவிப் பன்றி தப்பித்துப் போய்விட்டதாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கடைக் கம்பி நழுவுவதா? உட்கார்ந்து ஈயம் வைத்துப் பற்றவைத்து, இழுத்தால் இறுகுகிற மாதிரி, விட்டாலும் தளராத மாதிரி செய்து கொடுத்தேன். அவன் தன் மணிக்கட்டில் மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, "என்னமாப் புடிக்குதுங்ண்ணா!" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைத்துவிட்டு அவனை மட்டும் திட்டினால் நான் மனுஷனே இல்லை.

பன்றி விழுந்தால் எங்கள் பக்கம் கூறு போட ஒரு முறை உண்டு. கம்பி வைத்தவனுக்குத் தலை. கூடப் போனவர்களுக்கு ஆளுக்கு ஒரு கூறு, நாய்க்கு ஒரு கூறு. யார் காட்டில் விழுந்ததோ அவர்களுக்கு நிலத்துக் கூறு. அதைக் கை நீட்டி வாங்கிக்கொண்டால் நமக்கும் சம்மதம் என்று ஆகிவிடும், பிறகு வாய் திறக்க முடியாது. தெரிந்தேதான் இரண்டு தடவை வாங்கித் தின்றேன். என் மனைவி தொடவில்லை. "நான் ஓடைக்கரையிலதான் மாடு மேய்க்கறேன். அங்கயும் கம்பி வெச்சிருக்கறாங்களான்னு அவங்ககிட்டக் கேளுங்க" என்றாள். கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

அவளுடைய செவலைப் பசு அப்போது ஏழு மாதச் சினை. கன்றாக இருந்தபோதிலிருந்து அவள் வளர்த்தது. எங்கள் வீட்டில் அந்த மாட்டுக்கு அப்புறம்தான் நான்.

புரட்டாசியில் மழை பெய்து ஓடைக்கரையில் புல் முளைத்திருந்தது. ஒருநாள் பத்து மணி வாக்கில் கடைக்குப் போன் செய்தாள். "ஏனுங்க, மாட்டுக் காலுல கம்பி மாட்டிக்கிச்சு. சீக்கிரம் வாங்க" என்றாள். வேலிக் கம்பியாக இருக்கும் என்று கையில் இருந்த கொறடை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினேன். மாடு முன்னங்காலை மடித்துப் படுத்திருந்தது. துள்ளித் துள்ளிக் கம்பி குளம்புக்கு மேலே சதைக்குள் இறங்கியிருந்தது. அவள் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இரு சாமி, வந்துட்டாங்க, இரு சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

குனிந்து பார்த்தேன். நான் வைத்த ஈயம். கொறடுக்கு அந்தக் கம்பி அறவில்லை, நசுங்கியது, அவ்வளவுதான். விரலை விட்டு நெம்பினேன். மாடு அலறியது. மறுபடியும் கடைக்குப் போய்க் கட்டரை எடுத்து வந்து அறுப்பதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. மாட்டு டாக்டர் வந்து காலைத் தொட்டுப் பார்த்தார். "ரத்த ஓட்டம் நின்னு ரொம்ப நேரம் ஆயிருச்சுங்க. ஊசி போடறேன், பாப்போம்" என்றார்.

அங்கேயே நின்றுகொண்டு அவனுக்குப் போன் போட்டேன். இருபது நாளுக்கு முன்பே வண்டியோடு மத்தியப் பிரதேசம் போயிருந்தான். பின்னால் கம்ப்ரஸர் இரைந்தது.

"எத்தனை கம்பிடா வெச்சே?"

"ஏழோ எட்டோ இருக்குமுங்ண்ணா. திடீர்னு வண்டிக்குக் கூப்புட்டுட்டாங்க, எடுக்க நேரமில்லீங்."

ஏழோ எட்டோ! சினை மாடும் பெண்டுபிள்ளைகளும் நடக்கிற இடத்தில் கண்ணி வைத்துவிட்டு, அதை எடுக்காமல் பச்சைச் சட்டையைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு வண்டி ஏறிப் போயிருக்கிறான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவன் கடைசியில், "நெலத்துக் கூறு வாங்கறப்ப மட்டும் இனிச்சுதுங்ளாண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான். அவன் முன்னால் நின்றிருந்தால் அறைந்திருப்பேன்.

நாலாம் நாள் குளம்பு கழன்று விழுந்தது. எட்டாம் நாள் கன்று செத்துப் பிறந்தது. அதற்கப்புறம் மாடு எழுந்திருக்கவே இல்லை. அவள் அதன் அடியில் சாக்கு விரித்து, காலையும் மாலையும் என்னையும் பிடிக்கச் சொல்லி ஒருபக்கம் மாற்றி ஒருபக்கம் படுக்கவைத்தாள். கூழ் கரைத்து வாயில் ஊற்றினாள். அடுத்த வெள்ளிக்கிழமை அது செத்துப்போனது. காட்டு மூலையிலேயே குழி வெட்டிப் புதைத்தோம்.

புதைத்த மறுநாள் கடையைத் திறக்காமல் ஒரு தடியை எடுத்துக்கொண்டு ஓடைக்கரை முழுக்கத் தட்டித் தட்டி நடந்தேன். மூன்று நாள் தேடினேன். வேலிச் சந்து, கற்றாழைப் புதர், கரட்டுச் சரிவு ஒன்றையும் விடவில்லை. பதினொரு கம்பி கிடைத்தது. ஒன்றில் ஏதோ ஒரு நாயின் எலும்பு இருந்தது. ஏழோ எட்டோ என்றானே, பதினொன்று எப்படி வந்தது? அப்படியானால் இன்னும் எத்தனை கிடக்கிறது?

மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு வந்து வாசலில் வீசினேன். "எத்தனை வெச்சோம்னுகூட எண்ணாத நாயி! வரட்டும் அவன், காலை ஒடிச்சிப் போடறேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

அவள் காலியான கட்டுத்தறித் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"நீங்க எத்தனைங்க செஞ்சு குடுத்தீங்க?"

ஆணியிலிருந்து கொத்தாக எடுத்துக் கொடுத்தவன் நான். கேட்டபோதெல்லாம் ஈயம் வைத்துக் கொடுத்தவன் நான். எண்ணவில்லை.