மீரா முகைதீனின் தியானம்

பக்கவாதம் வந்தபோது மீரா முகைதீனுக்கு வலது காலோடு இங்கிலீசும் போய்விட்டது. கேட்டால் விளங்கும், வாயில் வராது. யாழ்ப்பாணத் தமிழுக்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை.

2006 குளிர்காலத்தில் மெல்பேர்ணில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் அவரைச் சேர்த்தார்கள். அங்கே நோயாளி நடந்தாரா என்பதைவிட, நடந்ததாக எழுதியிருக்கிறதா என்பதுதான் பெரிய விசயம். "எழுதாதது நடக்கவில்லை" என்பது வார்டு மேலாளர் மார்கரெட்டின் வேதவாக்கு. பயிற்சி நடக்காத நாளுக்குக் காரணம் எழுதவேண்டும். முன்னேற்றம் எழுதப்படாவிட்டால் நர்சிங் ஹோமுக்கு அனுப்பிவிடுவார்கள். மீரா முகைதீனுக்கோ கிரான்பர்னில் மகள் நஸீராவின் குசினியில், தன்னுடைய கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கவேண்டும். அவர் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

முதல் நாள் பிசியோப் பெண் வந்தாள். அவர் கண்ணை மூடி, இருக்கிற தெம்பையெல்லாம் கூட்டிக்கொண்டிருந்தார்.

"பயிற்சிக்குத் தயாரா?"

"ஓம்."

"எழும்புவோமா?"

"ஓம்."

பிசியோவுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பிற பண்பாடுகளை மதிப்பது பற்றி போன வாரம்தான் வகுப்பு எடுத்திருந்தார்கள். சத்தமில்லாமல் வெளியே போய், "நோயாளி மந்திரம் ஓதுகிறார், இடையூறு செய்யவில்லை" என்று எழுதினாள்.

மறுநாள் கதவில் 'அமைதி, தியானம் நடக்கிறது' என்று அட்டை தொங்கியது. மேசையில் ஒரு புத்தர் வந்து அமர்ந்தார். ஐந்து வேளைத் தொழுகையை விடாத மனிதர், திகைத்துப்போய்ச் சிலையைக் காட்டிக் கையை ஆட்டினார். "எடுத்துவிடவா?" என்று கேட்டார்கள். "ஓம்!" என்றார், வாழ்நாளில் இல்லாத அழுத்தத்தோடு. மாலையில் இன்னொரு புத்தர் வந்தார்.

பாவம், கட்டில் கம்பியைப் பிடித்துப் பிடித்துத் தானே கழிவறைவரை நடந்து பழகினார். யாரும் எழுதவில்லை.

லீவு கிடைக்காமல் அதுவரை வரமுடியாதிருந்த நஸீராவை, இரண்டாம் வாரம் மல்கிரேவில் அவள் வேலைசெய்யும் அலுவலகத்திலிருந்து வரவழைத்தார்கள். "உங்கள் தந்தை பயிற்சிக்கே வரவில்லை. நர்சிங் ஹோம்தான் பொருத்தம்" என்றாள் மார்கரெட். நஸீரா அவருடைய பதிவேட்டை வாங்கி வாசித்தாள். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை, கடைசியில் ஆத்திரம்.

"ஓம் எண்டா யெஸ்! வாப்பா ஒவ்வொரு நாளும் யெஸ் எண்டுதான் சொல்லியிருக்கிறார்!"

முதல் பக்கத்திலேயே 'மதம்: இஸ்லாம்' என்று இருந்தது. முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க அங்கே யாருக்கு நேரம்?

மார்கரெட் மன்னிப்புக் கேட்டாள், உடனே புது விதியும் போட்டாள். இனி எல்லாம் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் மூலம்தான். உறவினர் வாய் திறக்கக்கூடாது. மொழிபெயர்ப்பாளரும் சொன்ன சொல்லைத் தவிர ஒரு சொல் கூட்டக்கூடாது. புத்தர்கள் போனார்கள், பயிற்சி வந்தது. மீரா முகைதீன் நடைச் சட்டகத்தைப் பிடித்து நடந்தார், அதையும் எழுதினார்கள்.

வீட்டுக்குப் போகும் நாளும் வந்தது. சிட்னியிலிருந்து மொழிபெயர்ப்பாளர் கிரிஜா தொலைபேசியில் இருந்தாள். மீரா முகைதீன் நெஞ்சில் கைவைத்து, முகமெல்லாம் மலர, "அப்ப நான் போட்டு வாறன்" என்றார்.

"போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்கிறார்" என்றாள் கிரிஜா இங்கிலீசில்.

மார்கரெட்டின் பேனா நின்றது. "திரும்பி வருகிறாரா? அப்படியென்றால் வீட்டில் சமாளிக்கலாம் என்ற நம்பிக்கை அவருக்கில்லை. அனுப்பமுடியாது."

"அது எங்க வழக்கம் மேடம்..."

"விளக்கம் வேண்டாம். மறுபடி சொல்லச் சொல்லுங்கள்."

கிரிஜாவின் குரல் தாழ்ந்தது. "ஐயா, போறேன்னு மட்டும் சொல்லுங்க. இல்லேன்னா விடமாட்டாங்க."

விடைபெறும்போது வெறும் 'போறன்' என்று யாராவது சொல்வார்களா? 1990இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே நாளில் துரத்தப்பட்டபோதுகூட, மீரா முகைதீன் பக்கத்து வீட்டுப் பவளத்திடம் "போட்டு வாறன்" என்றுதான் சொன்னார். திரும்பிப் போக முடியவில்லை. ஆனாலும் அப்படிச் சொல்லிவிட்டு வந்தது அவருக்கு இன்றுவரை ஒரு ஆறுதல்.

நஸீரா விதிக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் மகளைப் பார்த்தார்.

"போறன்" என்றார்.

மார்கரெட் திருப்தியோடு எழுதினாள்: 'இலக்கு நிறைவேறியது.'

வாசலில் மீரா முகைதீன் சட்டகத்தை நிறுத்தி, மெல்லத் திரும்பி, தான் கிடந்த வெறுங்கட்டிலைப் பார்த்து, "போட்டு வாறன்" என்றார். யாரும் எழுதவில்லை. ஆகவே அது நடக்கவில்லை.